உப்புப் பார்க்காமல் சமைத்த மெனுடோ

என் மடிக்கணினியில் பதினெட்டு வரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு வரிசையும் ஒரு சட்டி. திகதி, பன்றியிறைச்சி, ஈரல், தக்காளி விழுது, உருளைக்கிழங்கு, கரட், சோயா சோஸ், உப்பு, கொதித்த நேரம், அப்பா சாப்பிட்ட அளவு என்று நிரல்கள் போகும். கடைசி நிரலில் அப்பா சொன்னது. அதைத் தவிர மற்றெல்லாம் எண்கள்.

எண்களை எழுதிவைப்பது என் தொழில். ஜேர்மனியில், வுப்பர்டால் நகரில், ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் ஒரு நிறத்தைக் கேட்பார். அதை நெருங்கும்வரை நாங்கள் கலவையை மாற்றிக்கொண்டே இருப்போம். ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது அங்கே முதல் நாளே சொல்லித் தரும் விதி. இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

மெனுடோ பிலிப்பைன்ஸ்காரர்களின் வீட்டுச் சாப்பாடு. பன்றியிறைச்சியையும் ஈரலையும் சிறு சதுரங்களாக வெட்டி, உருளைக்கிழங்கும் கரட்டும் சேர்த்துத் தக்காளியில் வேகவைப்பார்கள். கடைசியில் ஒரு பிடி முந்திரிகை வற்றல், அதாவது உலர்ந்த திராட்சை. சோற்றோடு சாப்பிடுவது. யாழ்ப்பாணத்துச் சைவசமயக் குடும்பமான எங்கள் வீட்டில் கோழியும் ஆடும் மீனும் நண்டும் சமைப்போம். மாடும் பன்றியும் வாசற்படி தாண்டியதில்லை. எனக்கு விபரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அப்பா பக்கத்து நகரமான எசனில் ஒரு பெரிய மண்டப உணவகத்தின் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். முதலில் பாத்திரம் கழுவினார், பிறகு மரக்கறி வெட்டினார், கடைசிப் பத்து வருடமும் சலாட் மேசை அவருடையது. அடுப்புப் பக்கம் ஒரு பிலிப்பினோ நின்றார். பின்னேரம் நான்கு மணிக்கு, மண்டபத்துக்கு ஆட்கள் வரத் தொடங்குமுன், அவர் வேலையாட்களுக்கென்று ஒரு சட்டி வைப்பாராம். வாரத்தில் ஒரு நாள் அது மெனுடோ. அப்பா அதைச் சாப்பிட்டு வந்திருக்கிறார், இருபத்திரண்டு வருடமும். இதை நான் அறிந்தது அவருடைய இரைப்பையில் கட்டி கண்டுபிடித்து, இரண்டு சுற்று மருந்து ஏற்றிய பிறகுதான்.

அறுபத்து மூன்று கிலோ இருந்தவர் நவம்பர் தொடக்கத்தில் ஐம்பத்தொன்றுக்கு வந்திருந்தார். வைத்தியர் தெளிவாகச் சொன்னார். நான்கு சுற்று மருந்து, அதன்பின் சத்திரசிகிச்சை. ஐம்பது கிலோவுக்குக் கீழே போனால் இரண்டையும் அந்த உடம்பு தாங்காது. வயிற்றில் குழாய் வைப்பதற்கு அப்பா ஒப்பவில்லை. போத்தலில் வந்த சத்துப் பானங்களை இரண்டு மிடறுக்கு மேல் குடிக்கவில்லை. எல்லாமே தகரம் மாதிரி இருக்கு என்றார். வைத்தியர் என்னைப் பார்த்து, "அவருக்கு எதில் ஆசை என்று கேட்டு அதைக் கொடுங்கள். நல்லதா கெட்டதா என்று பார்க்காதீர்கள்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவைக் கட்டிலில் விட்டபின், பேனையும் தாளும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

"என்னென்ன சாப்பிட ஆசை எண்டு சொல்லுங்கோ அப்பா. நான் எழுதுறன்."

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லை எண்டு எழுத ஏலாது."

கதவுப் பக்கம் பார்த்தார். அம்மா குளியலறையில் சலவை இயந்திரத்துக்குள் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தா. இயந்திரம் சுற்றத் தொடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: "அவன்ர மெனுடோ எண்டா ரெண்டு வாய் இறங்கும்."

அது என்ன என்று கேட்டேன். சொன்னார்.

"பன்டியோ அப்பா?"

"பன்டிதான். கத்தாதை."

நான் கத்தவில்லை. தாளில் 'மெனுடோ' என்று மட்டும் எழுதினேன். வேறு எதையும் அவர் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் அப்பா குணமாக வேண்டி அம்மா நேர்த்தி வைத்தா. நாற்பத்தெட்டு நாள் வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வராது, தான் ஒரு நேரம் மட்டும் சாப்பிடுவது, செவ்வாயும் வெள்ளியும் கோயில். நாற்பத்தெட்டும் இடையில் அறாமல் போக வேண்டும். அம்மா குசினிக்குள் இருந்த நெத்தலிக் கருவாட்டுப் பையைக்கூட மேல்மாடித் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டா. இறைச்சிச் சட்டிகளைத் தேய்த்துக் கழுவிப் பத்திரிகைத் தாளில் சுற்றி நிலவறையில் வைத்தா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னிடம் இரண்டு பட்டியல்கள் இருந்தன, ஒன்று அப்பாவினது, மற்றது அம்மாவினது. இரண்டும் ஒரே ஆளைக் காப்பாற்றுவதற்கு.

பிலிப்பினோ நண்பர் ஓய்வெடுத்து ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தார். அப்பாவின் கைத்தொலைபேசியில் அவருடைய இலக்கம் இருந்தது. ஞாயிறு காலை என் வீட்டிலிருந்து காணொளியில் அழைத்தேன். அவரும் அப்பாவும் சமையலறையில் பழகிய ஜேர்மனில்தான் பேசுவார்கள். அதே ஜேர்மனில் என்னோடும் பேசினார்.

"தக்காளி விழுது எத்தனை கிராம்?"

"நிறம் வரும்வரைக்கும்."

"என்ன நிறம்?"

"மெனுடோ நிறம்."

ஆய்வுகூடத்திலிருந்து நான் கொண்டுவந்து வைத்திருந்த நிற விசிறியைக் கமராவுக்கு முன் விரித்துப் பிடித்தேன். சிவப்பு அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு கண்ணாடியை எடுத்துப் போட்டார். "அது தீயணைப்பு வண்டி. அது லிப்ஸ்டிக். அடுத்தது... கொஞ்சம் பின்னுக்குப் போ. அதுதான். பழைய செங்கல்." அந்த அட்டையின் இலக்கத்தை எழுதிக்கொண்டேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தி, "இப்போது எத்தனை கிலோ?" என்று கேட்டார். ஐம்பத்தொன்று என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முந்திரிகை வற்றலை மறக்காதே. அவன் சாப்பிட மாட்டான், ஆனால் போடு" என்றார்.

என் வீடு நாலாம் மாடி. மின்தூக்கி கிடையாது. அங்கே அப்பாவைக் கூட்டிவந்து சாப்பிட வைப்பது என்ற யோசனையை முதல் நாளே வெட்டிவிட்டேன். எசனில் அவர்கள் வீடு இரண்டாம் மாடி, முப்பத்து நான்கு படி. அதையே அவர் வைத்தியசாலைக்குப் போகும் நாளில் மட்டும்தான் இறங்கினார். ஆகவே சாப்பாடுதான் போக வேண்டும். செவ்வாய்களில் என் கணக்கில் சேர்ந்திருந்த மேலதிக நேரத்தைக் கழித்து வேளைக்கு வெளிக்கிடலாம். வெள்ளிகளில் எங்களுக்கு ஒரு மணியோடு வேலை முடிந்துவிடும். அம்மா கோயிலுக்குப் போவதும் அதே இரண்டு நாட்கள்தான். இதை அப்போது நான் ஒரு வசதியாக மட்டுமே பார்த்தேன்.

முதல் சட்டி ஒரு திங்கட்கிழமை வைத்தேன். அறுநூறு கிராம் பன்றித் தோள், நூற்றைம்பது கிராம் ஈரல். இரண்டையும் சோயா சோஸிலும் தேசிக்காய்ப் புளியிலும் ஊற வைத்தேன். பன்றியிறைச்சியை நான் அதற்குமுன் கையால் தொட்டதில்லை. பள்ளிக்கூட விழாக்களில் தொத்திறைச்சி தின்றிருக்கிறேன், அது வேறு. கொழுப்பும் தோலுமாக அது பலகையில் கிடந்தபோது கையுறை போட்டுக்கொண்டேன். வெங்காயம், உள்ளி, தக்காளி விழுது, பிரிஞ்சி இலை இரண்டு. செங்கல் நிற அட்டையைச் சட்டிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். என்னுடையது லிப்ஸ்டிக்கில் நின்றது. இன்னும் இருபது நிமிடம் கொதிக்க விட்டேன்.

மறுநாள் தயிர் வந்த பிளாஸ்ரிக் வாளியில் அதை ஊற்றி, இரண்டு பைக்குள் கட்டி, எஸ்-பான் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அம்மா நாலரைக்கு வெளிக்கிட்டா. கதவு சாத்தியதும் அப்பா, "எடு" என்றார். சிறு மின்னடுப்பில் சூடாக்கி, என் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோப்பையில் போட்டு, என் கரண்டியோடு கொடுத்தேன். சோறு ஒரு அகப்பை. அப்பா முதலில் முந்திரிகை வற்றலைப் பொறுக்கிக் கோப்பை விளிம்பில் வரிசையாக வைத்தார். ஏழு. பிறகு சாப்பிட்டார்.

"எப்பிடி?"

"பிழை. ஆனாக் கிட்ட வந்திட்டாய்."

"எது பிழை?"

"நீ பெயின்ற் கலக்கிறனி. நீதான் கண்டுபிடிக்கோணும்."

நூற்று நாற்பது கிராம் சாப்பிட்டார். மிச்சத்தைத் தராசில் வைத்துக் கழித்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். ஆறு வாரத்தில் அவர் ஒரே தடவையில் சாப்பிட்ட ஆகக் கூடிய அளவு அது.

பிறகு துப்புரவாக்கினேன். அதற்கும் பட்டியல் வைத்திருந்தேன். யன்னல் பதினைந்து நிமிடம் திறப்பது, கோப்பையும் கரண்டியும் பைக்குள், மின்னடுப்பு துடைப்பது, கடைசியாகச் சாமியறையில் இருந்து சாம்பிராணி எடுத்து வீடெல்லாம் காட்டுவது. அம்மா வந்து செருப்பைக் கழற்றிவிட்டு மூக்கை ஒரு தரம் உறிஞ்சினா. "அப்பா சாப்பிட்டவரோ?" "ஓம், கொஞ்சம் சோறு." "நல்லது" என்றா. சாம்பிராணி வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டாவது சட்டியில் சோயா சோஸைக் குறைத்தேன். மூன்றாவதில் உப்பைக் குறைத்தேன், மருந்தால் அவர் வாய்க்குள் புண் வந்திருந்தது. நாலாவதில் ஈரலைக் கடைசியில் போட்டேன். அதற்குத்தான், "இது அவன்ர கை மாதிரிக் கிடக்கு" என்றார். மெனுடோ சாப்பிட்ட நாளுக்கு அடுத்த நாளும் அவருக்குக் கொஞ்சம் பசி இருந்தது. கஞ்சி குடித்தார். நிறை ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு, புள்ளி நாலு, புள்ளி ஏழு என்று ஏறியது. ஆய்வுகூடத்தில் இப்படி ஏறினால் நாங்கள் யாரும் துள்ள மாட்டோம், இன்னும் மூன்று அளவு எடுப்போம். நான் எஸ்-பானில் வெறும் வாளியை மடியில் வைத்துக்கொண்டு, சத்திரசிகிச்சைக்கு விடுப்பு எந்த வாரம் எழுதுவது என்று யோசித்தேன்.

ஏழாவது சட்டிக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை. டிசம்பர் நடுப்பகுதி. நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா இன்னும் வெளிக்கிடவில்லை. தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதிக்கும்வரை குசினிச் சுவரில் தொங்கிய தமிழ்க் கடைக் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நாளின் மூலையிலும் பென்சிலால் சிறிய இலக்கம் இருந்தது. நேர்த்தியின் நாட்கள். ஒன்றிலிருந்து பதினொன்றுவரை ஒழுங்காகப் போயிருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. அதற்கடுத்த நாள் மறுபடி ஒன்று. இரண்டு. புள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று, புள்ளி. ஒன்று, இரண்டு, புள்ளி.

கைத்தொலைபேசியில் என் அட்டவணையைத் திறந்தேன். ஏழு வரிசை. ஏழு புள்ளி. திகதிகள் எல்லாம் சரி.

அம்மா பின்னால் வந்து கேத்தலை நிற்பாட்டினா.

"எப்பிடித் தெரியும் அம்மா?"

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் நீயாச் சாம்பிராணி காட்டினனி. முப்பது வயசில ஒருநாள் காட்டினதில்லை. அப்பவே விளங்கீட்டுது."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"அந்த மனிசன் சாப்பிடுது. என்னத்தைச் சொல்ல?"

"முதலில இருந்து எண்ணுறீங்களே. இப்பிடியே போனா இது முடியாது."

"எண்ணுறது என்ர வேலை. காய்ச்சிறது உன்ர வேலை." தேயிலையைப் போட்டா. "ஆனா முடிக்கோணும் பிள்ளை. ஒருக்காலாவது நாப்பத்தெட்டு முடிக்கோணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவ தன் ஒரு நேரச் சாப்பாட்டையும் ஏழு தரம் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறா. கையில் வளையல் முழங்கைவரை ஓடியது. நான் அப்பாவின் நிறையை மட்டுமே அளந்திருக்கிறேன்.

வாளி மேசையில் இருந்தது. அம்மா அதைத் தொடாமல் பார்த்தா. பிறகு யன்னலால் கீழே பார்த்தா. அங்கே அப்பாவின் பழைய கார் நின்றது. மருந்து தொடங்கியதிலிருந்து அதை யாரும் எடுக்கவில்லை.

"வீட்டுக்குள்ள மச்சம் வராது எண்டுதான் வைச்சனான்" என்றா அம்மா. "கார் வீடில்லை."

"குளிர் அம்மா."

"ஹீற்றரைப் போடு."

அப்படித்தான் அப்பா காருக்குள் மெனுடோ சாப்பிடத் தொடங்கினார். தொப்பி, சால்வை, இரண்டு காலுறை போட்டு, ஒரு கையில் கைப்பிடியும் மறுகையில் என் தோளுமாக முப்பத்து நான்கு படி இறங்குவார். பயணி இருக்கையில் ஏறச் சொன்னால் கேட்கமாட்டார். "என்ர கார்" என்று சொல்லி ஓட்டுநர் இருக்கையில்தான் இருப்பார். சுக்கானுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இப்போது நிறைய இடம் இருந்தது. கோப்பையை அங்கே மடியில் வைத்துக்கொள்வார். கண்ணாடியெல்லாம் ஆவியால் புகார் பிடிக்கும். முந்திரிகை வற்றல்களைக் கார்ப் பலகையின் விளிம்பில், வேகமானிக்கு முன்னால், ஒன்றன்பின் ஒன்றாக வைப்பார். மேலே குசினி யன்னலில் அம்மாவின் தலை தெரியும்.

"நிக்கிறாவோ?"

"நிக்கிறா."

"கையைக் காட்டு. இல்லாட்டி நான் செத்துப்போனன் எண்டு நினைப்பா."

நான் கையைக் காட்டுவேன். அம்மா திரும்பக் காட்டமாட்டா.

ஒருநாள் கீழ்வீட்டு ஜேர்மன் கிழவி நாயோடு வந்து கண்ணாடியில் தட்டினா. ஏதும் பிரச்சினையா, கார் ஓடவில்லையா என்று கேட்டா. சாப்பிடுகிறோம் என்றார் அப்பா. கிழவி கோப்பையையும் எங்களையும் மேல் யன்னலையும் பார்த்து, "மனைவியோடு சண்டையா?" என்றா. அப்பா மிகவும் மரியாதையாக, "இல்லை, கடவுளோடு ஓர் ஒப்பந்தம்" என்றார். நல்ல ஜேர்மனில் சொன்னார். கிழவி நாயை இழுத்துக்கொண்டு போனா. அன்று நூற்றுத் தொண்ணூறு கிராம் சாப்பிட்டார். அதுதான் அட்டவணையில் ஆகக் கூடியது.

வேறொரு நாள் கேட்டேன். "நீங்கள் பன்டி சாப்பிடுறது அம்மாவுக்கு முந்தியே தெரியுமோ?"

"இருபத்திரண்டு வரியம் என்ர வேலை உடுப்பைத் தோய்ச்சவ. தெரியாமல் இருக்குமோ?"

"ஒருநாளும் கேக்கேல்லையோ?"

"கேட்டா நான் சொல்லோணும். சொன்னா அவ ஏசோணும்." கரண்டியை நக்கினார். "வேலையால வந்தா வாசலில வைச்சே, குளிச்சிட்டு வாங்கோ எண்டுவா. அவ்வளவுதான்."

சாப்பிட்டு மேலே போனால் இப்போதும் அம்மா வாசலில் செம்போடு நிற்பா. வாயைக் கொப்பளிக்க வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, உள்ளே எடுப்பா. கலண்டரில் புள்ளி நின்றுவிட்டது. எட்டு, ஒன்பது, பத்து. நத்தார்ப் பண்டிகை வந்து போனது. இருபத்தொன்று, இருபத்திரண்டு. ஐம்பத்தொன்று புள்ளி ஒன்பது. எங்கள் மூவருக்கும் அது நன்றாகப் போன காலம் என்று இப்போது சொல்லலாம். அப்போது அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன்.

மூன்றாவது சுற்று மருந்து ஜனவரியில். அந்த வாரம் நான் போகவில்லை, அவரால் தண்ணீரே குடிக்க முடியவில்லை. அதற்கடுத்த தடவைகளில் எழுபது கிராம், நாற்பது கிராம். நான் ஈரலைக் கூட்டினேன், கொழுப்பைக் கூட்டினேன், உருளைக்கிழங்கை மசித்தேன். ஒரே தடவையில் மூன்றை மாற்றினேன். அட்டவணையில் அந்த வரிசைகளைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நாற்பத்திரண்டாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பா தொப்பியையும் சால்வையையும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். பதினொரு படி இறங்கினார். பன்னிரண்டாவதில் முழங்கால் மடிந்து இருந்துவிட்டார். விழவில்லை, இருந்தார். படிக்கட்டு விளக்கு தன்பாட்டில் அணைந்தது. நான் தடவிப் பொத்தானை அமர்த்தினேன்.

"தூக்கிவிடட்டோ அப்பா?"

"பொறு." மூச்சு வாங்கியது. "இஞ்சையே தா. படியும் வீடில்லைத்தானே."

வாளியின் மூடியைத் திறந்தேன். மேலே கதவு திறந்து அம்மா எட்டிப் பார்த்தா. விளக்கு மறுபடி அணைந்தது. இருட்டில் அம்மா இறங்கி வரும் சத்தம் கேட்டது. நான் பொத்தானைக் கண்டுபிடித்தபோது அவ எங்களுக்குமேல் இரண்டு படியில் நின்றா. வெறுங்கால்.

"மேல வாங்கோ. நிலம் குளிருது."

"இன்னும் ஆறு நாள் கிடக்கு உமக்கு" என்றார் அப்பா.

அம்மா கையை நீட்டினா. அப்பாவுக்கு என்று நினைத்தேன். வாளிக்கு. என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறிப் போனா. நாங்கள் பதினொரு படியையும் ஏறி முடிக்க நிறைய நேரம் எடுத்தது. உள்ளே போனபோது மெனுடோ அம்மாவின் சட்டியில், அம்மாவின் அடுப்பில் சூடாகிக்கொண்டிருந்தது. சாம்பிராணி இல்லை. யன்னல் பூட்டியபடி.

"நேர்த்தி?" என்றார் அப்பா.

"முதல் சாப்பிடுங்கோ."

மூன்று கரண்டி. நான் தராசை எடுக்கவில்லை. அந்த நாளின் மூலையில் அம்மா இலக்கமும் எழுதவில்லை, புள்ளியும் வைக்கவில்லை. அதன்பிறகு எந்த நாளிலும் எழுதவில்லை.

அடுத்த திங்கள் வைத்தியரிடம் டெர்மின். நாற்பத்தொன்பது புள்ளி நாலு. வைத்தியர் தராசை ஒரு தரம் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஏறச் சொன்னார். அதே எண். நான்காவது சுற்று நடக்கவில்லை. சத்திரசிகிச்சையைப் பற்றி நான் கேட்டேன், தமிழில் அப்பாவுக்குச் சொல்லவும் செய்தேன். அவர் கேட்டுவிட்டு, "வீட்டை போவம்" என்றார். மார்ச் முதல் வாரத்தில், விடிந்து கொஞ்ச நேரத்தில், வீட்டில் போனார்.

எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள் எட்டுச்செலவு செய்வார்கள். இறந்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைப்பது. மச்சம், குடிவகை எதுவும் விலக்கில்லை, அன்று ஒரு நாள் மட்டும். அதற்குப்பின் முப்பத்தோராம் நாள்வரை மரக்கறிதான். முறை தெரிந்த மேல்மாடி அக்கா வந்து பட்டியல் சொன்னா, நான் எழுதினேன். ஆட்டிறைச்சி, மீன் பொரியல், நண்டு, கத்தரிக்காய், வடை, ஒரு சின்னப் போத்தல் பிரண்டி.

"மெனுடோ" என்றா அம்மா.

"அதென்ன அக்கா?" என்று அவ அம்மாவைக் கேட்டா.

"பன்டியும் ஈரலும்."

மேல்மாடி அக்கா என்னைப் பார்த்தா. "பன்டியோ? உங்கட வீட்டிலயோ?"

"எங்கட வீட்டில இல்லை" என்றா அம்மா. "அவற்ற இலையில."

இறைச்சியை அம்மாதான் வெட்டினா. கையுறை கொடுத்தேன், வேண்டாம் என்றா. நிலவறையிலிருந்து கொண்டுவந்த சட்டியைப் பத்திரிகைத் தாளிலிருந்து பிரித்தா. படையலுக்குச் சமைக்கும்போது யாரும் உப்புப் பார்க்கக் கூடாது. இறந்தவர்தான் முதலில் ருசிக்க வேண்டும். நாவில் வைக்காமல் சமைப்பது அம்மாவுக்குப் பழக்கம், தான் வருடக்கணக்காகச் சமைக்கும் கறிகளுக்கு. இதற்கு அவவிடம் கைக்கணக்கு இல்லை.

"எவ்வளவு எண்டு சொல்லு."

மடிக்கணினியைக் குசினி மேசையில் திறந்து வைத்தேன். எந்த வரிசை என்று அம்மா கேட்டா. கிழவி கண்ணாடியில் தட்டிய நாளின் வரிசையை எடுத்தேன். அறுநூறு, நூற்றைம்பது, எண்பது, முந்நூறு, இருநூறு. நான் வாசிக்க அம்மா தராசில் போட்டா. உப்பு நாலு கிராம். அம்மா கரண்டியை நிறுத்தி ஒருதரம் என்னைப் பார்த்துவிட்டுப் போட்டா. செங்கல் நிற அட்டையைப் பிடித்தேன். சரியாக இருந்தது.

"முந்திரிகை வத்தல் இருபது கிராம். ஆனா அப்பா சாப்பிடமாட்டார், எடுத்து வைச்சிடுவார். விடுவமோ?"

"போடு. எடுத்து வைக்கிறதுக்கும் ஏதும் வேணுமே."

பொழுது மங்கிய மைம்மல் நேரத்தில் அப்பாவின் படத்துக்கு முன் இலையைப் போட்டு எல்லாவற்றையும் படைத்தோம். மெனுடோவை அம்மா சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தா, நண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு. பிறகு அப்பா வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தோம். எங்கள் வீட்டுக்கு வெளியே படிக்கட்டுத்தான் இருக்கிறது. ஏழெட்டுப் பேர் படிகளில் நின்றோம். விளக்கு அணைய அணைய யாராவது பொத்தானை அமர்த்தினார்கள். அம்மா பன்னிரண்டாவது படிவரை இறங்கிப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றா.

திரும்ப உள்ளே போய், இலையிலிருந்ததில் ஒரு பங்கை வெளியே கொண்டுபோய் வைக்க ஆட்கள் இறங்கினபின், மிச்சம் எல்லோருக்கும் பரிமாறப்பட்டது. மெனுடோவை யாரும் தொடவில்லை. அம்மா ஒரு கோப்பை எடுத்து, சோற்றில் இரண்டு அகப்பை விட்டு, கையால் பிசைந்து சாப்பிட்டா. மெதுவாக, நிறைய மென்று. நான் பக்கத்தில் இருந்தேன்.

"உப்புக் காணாது" என்றா.

மூன்றாவது சட்டியில் வாய்ப்புண்ணுக்காகக் குறைத்த உப்பை நான் அதற்குப் பிறகு கூட்டவேயில்லை. புண் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டிருந்தது. அப்பா பிறகு வந்த பதினான்கு தரமும் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நாலு கிராமெண்டு நீ சொல்லேக்கையே தெரியும்" என்றா அம்மா. "அந்த மனிசன் உப்பில்லாமல் சாப்பிடாது. எப்பிடிச் சாப்பிட்டுது?"

அம்மா உப்புப் போத்தலை எடுக்கவில்லை. கோப்பையில் இருந்ததை அப்படியே சாப்பிட்டு முடித்தா, முந்திரிகை வற்றலையும் சேர்த்து. பிறகு எழும்பிப் போய்ச் சட்டியைக் கழுவினா.

நான் மடிக்கணினியை மூடுமுன் பதினெட்டாவது வரிசையை நிரப்பினேன். சாப்பிட்ட அளவு என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். கடைசி நிரலில், சொன்னது: உப்புக் காணாது.